மூன்று தடிகளும் ஒரே அளவு மீன்களும்

2009 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தைத்து முடித்த பிளவுஸ்களை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் என்னைவிட உயரமான ஒரு துணிப் பை சாத்திவைக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரண்டு துண்டாகக் கழற்றிய தடி. பக்கத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் இரும்புச் சக்கரம்போல ஒன்று பழந்துணியில் சுற்றியிருந்தது.

என் கணவர் குளியலறையிலிருந்து தலையைத் துவட்டியபடி வந்தார்.

"என்னப்பா இது?"

"தூண்டில் தடி. மீன் பிடிக்க."

"ஆர் பிடிக்க?"

"நான்தான்."

பதினான்கு வருடம் கூட வாழ்ந்த மனிதர். அதுவரை அவர் ஒரு பச்சை மீனைக் கையால் தொட்டு நான் கண்டதில்லை. கழுவி வைத்த மீன் சட்டியைக்கூட மூடிவைக்கச் சொல்லுவார்.

நாங்கள் அப்போது லண்டனின் மோர்டனில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் ஓட்டினார். நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்தேன். அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர் ஷிப்ட் முடிந்ததும் நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால், யுத்தத்தை நிறுத்தச் சொன்ன கூட்டத்தோடு போய் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினார். பிறகு அதை யாரும் செருகவில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். அப்படி இருந்தவர் மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. விசாரணைகளில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். மூன்று பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வருடங்களில் நான் படித்துக்கொண்டது அதுதான். தெரியாத இலக்கத்திலிருந்து ரெலிபோன் வந்தால் எடுக்கமாட்டேன். கீழ்வீட்டுக்காரி "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால், எதற்குக் கேட்கிறாள் என்று யோசிப்பேன். கணவர் விஷயத்திலும் அதே புத்திதான்.

"எங்க போய்ப் பிடிக்கப் போறீங்கள்?"

"ஆத்தில. எரித் பக்கம் ஒரு பாலம் இருக்கு. தண்ணிக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கும்."

"தனியவோ?"

"ஒரு இந்தியன் இஞ்சினியர் வாறவர். கடையில சாமான் இறக்கேக்க பழக்கம்."

"அவருக்கு எந்த ஊர்?"

கொஞ்சம் யோசித்தார். "மதுரைப் பக்கம் எண்டு நினைக்கிறன்."

கூட மீன் பிடிக்கப் போகிற அளவுக்குச் சிநேகம். ஆனால் ஊர் எது என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலை மனதில் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் ஞாயிறு ஒரு பையில் இரண்டு மீன் கொண்டுவந்தார். சீ பாஸ். எங்கள் ஆட்கள் கொடுவா என்று சொல்லி வாங்குவார்கள். ஆனால் கொடுவா வேறு, இது வேறு. எனக்கு அது நன்றாகத் தெரியும். தையலுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஒரு மீன்கடையில் செதிள் உரித்து, வெட்டிக் கழுவிக் கொடுத்தவள் நான்.

மீன் இரண்டும் செதிள் எடுத்து, குடல் நீக்கிச் சுத்தமாக இருந்தன.

"ஆர் துப்பரவாக்கினது?"

"அங்கயே செய்து தருவினம்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மீனை விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தேன். கண் உள்ளே இறங்கியிருந்தது. காலையில் தண்ணீரிலிருந்து வந்த மீனின் கண் அப்படி இருக்காது. வால் செட்டை சுவரில் உரசித் தேய்ந்ததுபோல மழுங்கியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே நீளம். அடுத்த ஞாயிறும் இரண்டு. அதற்கு அடுத்த ஞாயிறும் இரண்டு. எல்லாம் அதே அளவு. ஆற்றில் மீன்கள் வரிசையில் நின்று அளவு பார்த்தா தூண்டிலில் கொத்துகின்றன?

இதற்கிடையில் இரண்டாவது தடி வந்தது. முதல் தடியைவிட மெல்லியது, ஒன்பது அடி, கோர்க் கைப்பிடி. ஜூலை கடைசியில் மூன்றாவது தடி. அது கட்டையானது, என் உயரம் மட்டும்தான், ஆனால் உலக்கைபோல மொத்தம். ஒவ்வொரு தடிக்கும் ஒரு ரீல். கதவு சுவர்வரை திறக்காமல் போயிற்று.

"ஒரு ஆறு. ஒரு மீன். மூண்டு தடி என்னத்துக்கு?"

"உமக்கு விளங்காது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலைக்கு."

"என்ன வேலைக்கு?"

"விடுமன்."

அவர் போகும் நேரம்தான் என்னை எல்லாவற்றையும்விடக் குழப்பியது. ஒரு ஞாயிறு விடியக் காலமை ஆறு மணிக்குப் போவார். அடுத்த ஞாயிறு பத்து மணிவரை படுத்துக் கிடந்துவிட்டு மத்தியானம் போவார். அதற்கு அடுத்த வாரம் மறுபடி காலமை. மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு நேரம் இருக்காதா? இப்படி நேரம் மாறுவது யாருக்காவது ஷிப்ட் மாறும்போதுதான். அந்த யாரோ ஒரு பெண் என்று என் மனம் முடிவு கட்டியது. தாதியாக இருக்கலாம். ஒரு கிழமை பகல் வேலை, ஒரு கிழமை மாலை வேலை. அவளுக்கு முகம்கூட வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வேலைக்குப் போன பிறகு, மூன்று தடிகளையும் ஒரே பையில் போட்டு, ரீல்களைச் சாமான் பையில் வைத்துக்கொண்டு, மோர்டன் ரோட்டில் டிராம் ஏறினேன். குரோய்டனில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு சின்னத் தெருவில் மீன்பிடிச் சாமான் கடை ஒன்று இருந்தது. விசா அலுவலாகப் போய்வரும்போது பலமுறை கண்டிருக்கிறேன். டிராமில் எல்லோரும் என்னையும் என் பையையும் பார்த்தார்கள். ஒரு கிழவி என்ன கருவி வாசிக்கிறாய் என்று கேட்டாள். வீணை என்றேன்.

கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். பெரிய உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் தடிகளை மேசையில் வைத்ததும் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"விற்கவா வந்தீர்கள்?"

"இல்லை. இதெல்லாம் என்ன என்று தெரிய வேண்டும்."

"உங்களுடையவையா?"

"என் கணவருடையவை."

"நீங்கள் இங்கே கொண்டுவந்தது அவருக்குத் தெரியுமா?"

நான் தடிகளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தலையை ஆட்டினார். கணவனுக்குத் தெரியாமல் தடி விற்க வருகிற பெண்களை அவர் முன்பும் கண்டிருக்க வேண்டும். என்னை நம்பவில்லை. ஆனாலும் தடிகளைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

முதலில் பெரிய தடி. "பன்னிரண்டு அடி. ஐந்து, ஆறு அவுன்ஸ் ஈயத்தைத் திறந்த கடற்கரையிலிருந்து தூர எறிவதற்கு. இதில் யாரும் மீன் பிடித்ததாகத் தெரியவில்லை. இதனோடு வந்த ரீல் பழக்கமில்லாதவன் கையில் நூலைக் குருவிக்கூடாக்கிவிடும்." துணியை விலக்கிக் காட்டினார். உண்மையாகவே தங்கூசி நூல் ஒரு பந்தாகச் சிக்கிப்போய், கத்தியால் வெட்டிய அடையாளத்தோடு கிடந்தது.

கட்டைத் தடியைத் தூக்கி உடனே கீழே வைத்தார். "இது வள்ளத்திலிருந்து பிடிப்பதற்கு. உங்களிடம் வள்ளம் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் இது திரைச்சீலை மாட்ட உதவும்."

கடைசியாக ஒன்பது அடித் தடியை எடுத்தார். அதைப் பிடித்ததும் அவர் முகம் மாறியது. கைப்பிடியின் கோர்க் கறுத்திருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். நுனி வளையத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். "இரைப் புழு," என்றார். "இது வேலை செய்த தடி. உங்கள் கணவர் இதை நன்றாகப் பாவித்திருக்கிறார். வேறு எதையும் பாவிக்கவில்லை."

நான் எதிர்பார்த்தது அதுவல்ல. மூன்று தடியும் தொடாமல் கிடக்கின்றன என்று அவர் சொல்லுவார், அதை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை தொடங்கலாம் என்றுதான் போயிருந்தேன்.

"அவர் போகிற நேரம் கிழமைக்குக் கிழமை மாறுகிறது," என்றேன். யாரிடமும் சொல்லாததை அந்த மனிதரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் லாச்சியைத் திறந்து கையளவு புத்தகம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். பக்கம் முழுக்க இலக்கங்கள். லண்டன் ஆற்றில் கடல் தண்ணீர் ஏறுகிற, வற்றுகிற நேரங்கள். "தண்ணீர் ஏறும்போதுதான் பாஸ் உள்ளே வரும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் தள்ளிப் போகும். உங்கள் கணவர் அதைப் பார்த்துத்தான் போகிறார்."

ஜூன் தொடக்கம் ஆகஸ்ட்வரை ஒவ்வொரு ஞாயிறாக விரலை வைத்துப் பார்த்தேன். காலை, மத்தியானம், காலை, மத்தியானம். தாதி அந்தப் பக்கங்களுக்குள் கரைந்து போனாள்.

நன்றி சொல்லித் திரும்பும்போதுதான் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த அளவுகோல் படத்தைக் கண்டேன். மீன் படம், கீழே சென்டிமீட்டர் கோடுகள், முப்பத்தாறில் ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன?"

"பாஸ் முப்பத்தாறு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. சட்டம். ஆற்றுக்குள் பிடிபடுவது பெரும்பாலும் குட்டிகள்தான். திரும்ப விட்டுவிட வேண்டும்."

"விடாவிட்டால்?"

"பிடிபட்டால் தண்டம். வழக்குக்கும் போகலாம்."

டிராமில் திரும்பி வரும்போது யோசித்தேன். பெண் இல்லை, சரி. ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அவர் உண்மையாகவே மீன் பிடிக்கிறார் என்றால், அந்த மீன்கள்?

அடுத்த ஞாயிறு அவர் கொண்டுவந்த மீன்களைத் தையல் நாடாவால் அளந்தேன். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. மூக்கு நுனியிலிருந்து திரும்ப அளந்தேன். மாறவில்லை.

அன்றைக்கு அதைக் குழம்பாக வைத்துப் பரிமாறினேன். குரோய்டனில் எங்கள் பைல் கிடக்கிறது. அதில் ஒரு மீன் வழக்கு போய் ஏறினால்? ஒரு பக்கம் அந்தப் பயம். மறுபக்கம் மீன்கடையில் நின்ற என் கண் சொன்னது: இந்த மீன் ஆற்று மீன் இல்லை, கூட்டில் வளர்த்த மீன். சட்டத்தை மீறுகிறவரா, பொய் சொல்லுகிறவரா? இரண்டில் எது என்றாலும் எனக்கு நித்திரை இல்லை.

"அடுத்த ஞாயிறு நானும் வாறன்," என்றேன்.

அவர் கையில் இருந்த சோற்றுக் கவளம் நின்றது. "அங்க சரியான காத்து. இருக்க ஒரு இடம் இல்லை. உமக்கு ஏலாது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஞாயிறு அவர் வானை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனார். ஒன்பதரைக்கு நான் மோர்டனில் சுரங்க ரயில் ஏறி, லண்டன் பிரிட்ஜில் மாறி, எரித்தில் இறங்கினேன். தலையில் ஸ்கார்ஃப் கட்டி, அவர் கண்டிராத ஒரு கோட்டு. அது ஒருத்தி கை குறைக்கத் தந்த கோட்டு. அவள் மன்னிக்க வேண்டும்.

ஆற்றோரத்தில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். அதற்குப் பக்கத்திலிருந்து கொங்கிரீட் பாலம் தண்ணீருக்குள் நேரே போய், பிறகு ஒரு பக்கம் மடங்கி நின்றது. மண்ணிறத் தண்ணீர். எதிர்க்கரையில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. நான் பாலத்துக்குப் போகவில்லை. சுவரோரம் வாங்குப் பலகை ஒன்றில் இருந்து பார்த்தேன்.

அவர் நின்றார். ஒன்பது அடித் தடியோடு. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு மனிதர் ஒரே ஒரு தடியோடு நின்றார். அப்படியானால் இஞ்சினியரும் பொய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் கணவரின் தடி நுனி துடித்தது. அவர் அவசரப்படாமல் ரீலைச் சுற்றினார். வெள்ளியாய் ஒன்று துள்ளிக்கொண்டு மேலே வந்தது. பச்சை மீனைத் தொடாத அந்த மனிதர், வாளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தார். நனைந்த பலகை ஒன்றில் வைத்து அளந்தார். தூண்டில் முள்ளைக் கழற்றினார். பிறகு கயிறு கட்டிய வாளியில் அதை விட்டு மெல்ல மெல்ல ஆற்றுக்குள் இறக்கிக் கவிழ்த்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்ப எறிந்தார். ஒரு மணித்தியாலத்தில் நான்கு மீன். நான்கையும் விட்டார்.

தண்ணீர் வற்றத் தொடங்கியதும் தடியைக் கழற்றிப் பையில் போட்டார். இஞ்சினியரைத் தடிகளோடு நிற்கவிட்டு, சூப்பர்மார்க்கெட் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். பழங்களைத் தாண்டி, பாண் அடுக்கைத் தாண்டி, நேரே மீன் விற்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.

விற்கும் பெண் அவரைக் கண்டதும் சிரித்தாள். "வழக்கம்போல இரண்டு பாஸ்தானே? செதிள் எடுத்து?"

"மூண்டா வாங்குங்கோ," என்றேன் நான். "இண்டைக்கு எனக்குப் பசிக்குது."

அவர் திரும்பிய வேகத்தில் அடுக்கியிருந்த தேசிக்காய்க் கூடை சரிந்தது. நாங்கள் இருவரும் குனிந்து தேசிக்காய் பொறுக்கினோம். மூன்று மீன் வாங்கிக்கொண்டு வந்து வானில் ஏறினோம்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"முதல்லயிருந்து."

"என்னத்துக்கு?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் ஞாயிறே அவர் கண்ணுக்கு முன்னால் அதிகாரி ஒருவர் வந்து, பக்கத்தில் நின்றவரின் வாளியைக் கவிழ்த்து, மீனை அளந்து, பெயர் விலாசம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். குரோய்டனில் கிடக்கிற பைல் இவருக்கும் நினைவுக்கு வந்திருக்கிறது.

"எனக்குப் பிடிபடுறது எல்லாம் குட்டி. ஒண்டும் முப்பத்தாறு வராது. பிடிச்ச மீனைத் திரும்ப ஆத்தில விட்டிட்டு வாறன் எண்டு உமக்கு எப்பிடிச் சொல்லுறது? விசர் எண்டு சொல்லியிருப்பீர்."

"ஓம், சொல்லியிருப்பன்."

"அதுதான் வாங்கிக்கொண்டு வந்தன்."

"இந்த மீனும் முப்பத்தாறு இல்லை. போன கிழமை கொண்டுவந்ததை நான் அளந்தனான். வழியில ஆரும் மறிச்சு, ஆத்தில பிடிச்சது எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள்?"

அவர் கையை நீட்டி வானின் முன் லாச்சியைத் திறந்தார். ரப்பர் வளையம் போட்ட சின்னக் கட்டு. சூப்பர்மார்க்கெட் பில் துண்டுகள். ஜூனிலிருந்து ஒன்றுவிடாமல். யாராவது மறித்தால் காட்டுவதற்கு. அவர் என்னிடம் மறைத்ததைவிட அரசாங்கத்துக்காகச் சேர்த்துவைத்த ஆதாரம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

"மற்ற ரெண்டு தடியும்?"

"குட்டிதானே வருது. தடி பிழை எண்டு நினைச்சன். பெரிய தடி வாங்கினால் பெரிய மீன் வரும் எண்டு பழஞ்சாமான் சந்தையில ஒருத்தன் சொன்னவன்."

வான் கதவை யாரோ தட்டினார்கள். தடிகளோடு இஞ்சினியர் நின்றார். என்னைக் கண்டு ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு கும்பிட்டார்.

"வணக்கம் அக்கா. நான் ஆரம்பத்துலயே சொன்னேன், தடியில ஒண்ணும் இல்லைன்னு. இது குட்டி மீன் வளர்ற இடம். பெரிய மீன் வேணும்னா கடற்கரைக்குப் போகணும். அண்ணன் கேக்கவே மாட்டாரு."

"தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"தூத்துக்குடிங்க."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் இன்னொன்றும் கேட்டேன். மீன் வராது என்று தெரிந்தும் ஏன் ஒவ்வொரு கிழமையும்?

கியரை மாற்றினார். "அங்க நிக்கேக்க ஒருத்தரும் என்னட்ட ஊர்ச் செய்தி கேக்கிறேல்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை இருவருமாகக் குரோய்டன் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, என் கணவரைப் பார்த்து, "அப்படியானால் இவருக்குத் தெரியும்," என்றார். என் கணவருக்கு என்ன தெரியும் என்று விளங்கவில்லை. அதை நான் பிறகு விளக்கினேன்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். எங்கள் கதவு ஒழுங்காகத் திறக்க வேண்டும். ஆற்றுக்கும் கடற்கரைக்கும் இரண்டுக்கும் உதவ வேண்டும். எத்தனை தடி?

"இரண்டு," என்றார் கடைக்காரர். "ஒன்பது அடி உங்களிடம் இருக்கிறது. பதினைந்திலிருந்து நாற்பது கிராம்வரை எறியும். பிளாஸ்டிக் மீன் எறிய, மிதவை போட, பாலத்தில் நிற்க அது போதும். அதற்கு மேல் கடற்கரையில் இரையும் மூன்று அவுன்ஸ் ஈயமும் எறிய ஒரு பதினொரு அடி. அதைவிடப் பெரியது பாஸுக்கு வேண்டாம். சின்ன மீன் கடித்தால் தெரியவே தெரியாது."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. பட்டுத் துணியையும் ஜீன்ஸையும் ஒரே ஊசியால் தைக்க முடியாது. ஆனால் என் பெட்டியில் இருபது ஊசி கிடந்தாலும் நான் எடுப்பது இரண்டைத்தான்.

ரீல் விஷயத்தில் என் கணவர் பிடிவாதம் பிடித்தார். பெரிய தடிக்குப் பெரிய ரீல் வேண்டும் என்றார். கடைக்காரர் மாட்டேன் என்றார். ஒன்பது அடித் தடியில் இருக்கிற அதே ரீலில் இன்னொன்று எடுங்கள் என்றார். இரண்டும் ஒன்று என்றால் நூல் சுற்றிய உருளையை ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டலாம். ஒரு உருளையில் மெல்லிய நூல், ஒன்றில் மொத்த நூல், மேலதிகமாக ஒன்று. ஒரு ரீல் பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

நல்ல பேச்சு. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் பன்னிரண்டு அடியையும், கட்டைத் தடியையும், மற்ற இரண்டு ரீலையும் எடுத்துக்கொண்டு, பாவித்த பதினொரு அடித் தடி ஒன்றும் ஒரு ரீலும் மாற்றாகத் தருவதாகச் சொன்னார். அவருக்கு இதில் என்ன லாபம்? கைப்பையிலிருந்து பட்டு நூல் ஒன்றை எடுத்தேன். தடியின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதை விட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். நான்காவது வளையத்தில் நூல் கொளுவி நின்றது.

"இதில் வெடிப்பு இருக்கிறது," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத முடி அளவு வெடிப்பு. மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் நூல் அறுந்திருக்கும்.

"நான் கவனிக்கவில்லை," என்றார். முகம் சிவந்திருந்தது. உண்மையாகக் கவனிக்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உள்ளே போய் வேறொரு பதினொரு அடித் தடியை எடுத்துவந்து, தானே நூலை வாங்கி எல்லா வளையத்திலும் இழுத்துக் காட்டினார். பிறகு நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை என்னிடம் தந்து தூக்கச் சொன்னார். தடி நடுவரை வளைந்து நின்றது. அவர் மெல்ல இழுத்தபோது அது என் முழங்கைக்குள் தெரிந்தது. மீன் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்.

"எனக்கோ உங்களுக்கோ வாங்கிறீங்கள்?" என்று என் கணவரிடம் தமிழில் கேட்டேன்.

"பிடிச்சிருக்கிறது நீர்தானே," என்றார்.

செப்டெம்பர் கடைசியில் சசெக்ஸ் பக்கம் கூழாங்கல் கடற்கரை ஒன்றுக்குப் போனோம். இஞ்சினியர் சொல்லித்தந்த இடம். அவரால் வர முடியவில்லை. வேலை மாறி வேறு நகரத்துக்குப் போக வீடு பார்த்துக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. என் கணவர் பதினொரு அடியில் இரை போட்டு எறிந்துவிட்டு நின்றார். நான் ஒன்பது அடியில் பிளாஸ்டிக் மீனை எறிந்து எறிந்து சுற்றினேன். முதல் இருபது எறியில் பாதி என் காலடியில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிறாரா என்று நான்தான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.

அவருக்குத்தான் வந்தது. பெரிய தடி ஒருமுறை தலையாட்டி, பிறகு கடலைப் பார்த்து வளைந்தது. "இஞ்சரும், இஞ்சரும்!" என்று கத்தினார். நான் என் தடியைக் கல்லில் போட்டுவிட்டு ஓடினேன். அலை பின்வாங்கிய நேரம் மீனைக் கல்லின் மேல் இழுத்தார். முதுகில் முள் விரித்து நின்றது. செட்டைகள் கூராக, முழுதாக இருந்தன. கண் கறுப்பாய், நிறைந்து. அளந்தோம். நாற்பத்திரண்டு. மாற்றி வைத்து அளந்தோம். நாற்பத்திரண்டுக்குக் கொஞ்சம் கூட.

அவர் அதை ஈரத் துணியில் சுற்றும்போது முகத்தைப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் காணவில்லை. சொன்னால் மறைந்துவிடும் என்று பயம்.

கூழாங்கல் மேட்டில் ஏறி வரும்போது நாயோடு ஒரு மனிதர் எதிரே வந்தார். தோளில் அவரும் ஒரு தடி வைத்திருந்தார். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கண்டுவிட்டார்.

"அருமையான மீன். எந்த இடத்தில்?"

என் கணவர் சந்தோஷத்தில் வாயைத் திறந்தார். நான் அவர் கையைக் கிள்ளிவிட்டு, நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டினேன். தூரத்தில் மரத் தடுப்புகள் தெரிந்த பக்கம்.

"அங்கே. அந்தக் கடைசித் தடுப்புக்கு அப்பால்."

அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமே வேகமாக நடந்தார்.